ரவிசங்கர் படித்த பலகை

தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் வட்டாரக் கலைக்கூடத்தில் எனக்கு டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. பெயர் ஜெயபாண்டி, ஊர் பேரையூர். பதினாறு வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. அதற்குள் ஐந்து இயக்குநர்கள் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு திட்டத்தோடு வருவார்கள். ஒருவர் பானைக்கு வர்ணம் அடிக்கும் முகாம் நடத்தினார். அடுத்தவர் அதை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்க ஒரு மூலையை அலங்கரித்தார். அதற்கடுத்தவர் அந்த மூலையில் பீரோவைக் கொண்டுவந்து வைத்தார். அரசு நிதி பிப்ரவரி கடைசியில் வரும். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் எங்கள் கலைக்கூடத்தில் கலை வளர்வது மார்ச் மாதத்தில் மட்டும்தான். மழைக்காலத்தில் மாடி ஒழுகும், வாளி வைப்போம்.

இத்தனை பேரையும் பார்த்துவிட்டு இன்னும் அங்கேயே இருப்பவர் ரவிசங்கர் அண்ணன். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததில் பாதிக் குற்றம் என்னுடையது. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முனிச்சாலைக்காரர், வீட்டில் சௌராஷ்ட்ர மொழி பேசும் குடும்பம். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அண்ணனுக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓவியங்களுக்குக் கீழே பெயர்ச்சீட்டு எழுத ஆள் வேண்டும் என்று தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டது. அதன்பிறகு அவருக்குப் படம் மாட்டுவது, இறக்குவது, தூசி தட்டுவது, வாளி வைப்பது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விஷயத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஸ்டூல் எங்கே, ஆணி எங்கே என்று கேட்பார்கள்.

டீக்கடையில் மட்டும் பெருமை பேசுவார்.

"எங்க மொழிக்குன்னு தனி எழுத்தே இருக்கு மாப்ள. சும்மா வீட்டுக்குள்ள பேசிக்கிறதுன்னு நெனச்சியா?"

"எழுத்து இருக்கட்டும்ணே. கல்யாணப் பத்திரிகைய தமிழ்லதான அடிக்கிறீங்க?"

சிரித்து மழுப்பிவிடுவார். அந்த மழுப்பலை நான் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ரோகிணி மேடம் இயக்குநராக வந்தார். முதல் நாளே ஏணி போட்டு மாடியில் ஏறி ஒழுகும் இடத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மூன்று வருடத்துக்குச் சேர்த்து நிதி தருகிற திட்டம் ஒன்று சென்னையில் இருக்கிறது, உள்ளூர் மக்கள் கலந்துகொள்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சியைக் காட்டினால் கிடைக்கும் என்றார். கிடைத்தால் மாடி சரியாகும், தினக்கூலிக்காரர்கள் மாதச் சம்பளத்துக்கு மாறலாம். அதைக் கேட்டபோது அண்ணன் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்று கேட்டார்.

அப்போதுதான் அந்தப் பலகை வந்து சேர்ந்தது. லட்சுமிபுரத்தில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து யாரோ கொடுத்தது. மூன்றடி நீளம். இரண்டு ஓரத்திலும் கிளி, நடுவில் தாமரை, தாமரைக்குக் கீழே எண்ணெய்ப் புகை ஏறிய ஒரே ஒரு வரி. என்ன எழுத்து என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கொடுத்தவர் சௌராஷ்ட்ர எழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திங்கள்கிழமை நிதிக் குழு வருகிறது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று மேடம் கேட்டார்.

முந்திரிக்கொட்டை நான்தான். "நம்ம ரவிசங்கர் அண்ணே சௌராஷ்ட்ராதான மேடம். அசால்ட்டா படிச்சிருவாரு" என்றேன்.

மேடம் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க ரவிசங்கர்" என்றார். அந்த நாற்காலியை அண்ணன் ஆயிரம் தடவை துடைத்திருக்கிறார். உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பலகையை மடியில் வாங்கி, விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினார். கண்ணைச் சுருக்கினார். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி வந்தார்.

"இந்த வாசலுக்குள் வருகிறவர் நலமாக வாழ்க" என்றார்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விண்ணப்பத்துக்கு அந்த வரியையே தலைப்பாக வைத்தார். நிதிக் குழுவில் வந்த அதிகாரி பலகைக்கு முன்னால் நின்று, இதைவிட வேறென்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் முதல் வருட நிதி வந்துவிட்டது. மாடிக்குத் தளம் போட்டார்கள். மாதச் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் ரவிசங்கர்.

அழைப்பிதழ், துணிப்பை, வாசலில் கட்டிய பேனர் எல்லாவற்றிலும் அந்த வரி ஏறியது. பேனரில் பலகையின் படமும் இருந்தது. புகை படிந்ததால் எழுத்து சரியாகத் தெரியாது. ஆனாலும் அண்ணன் சமூகத்துப் பெரியவரான ஜவுளிக்கடை ஹரிராம் ஐயா பேனருக்கு முன்னால் நின்று, காற்றில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படியே போட்டிருக்கு. எங்க பாட்டன் காலத்து வாக்கு" என்று என் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அவருடைய மரியாதைக்கு அவர் சொன்னால் சரி என்று ஆகிவிடும். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி விரலை ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன்.

நிதியில் நடந்த முதல் நிகழ்ச்சி, சனிக்கிழமைதோறும் சௌராஷ்ட்ர எழுத்து வகுப்பு. தானாகவே அந்த எழுத்தைப் படித்துக்கொண்ட வெங்கடேஷ்பாபு என்கிற ஐ.டி. கம்பெனிக்காரர் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்க வந்தார். அவரும் பேனர் படத்தைப் பார்த்தார். "போட்டோல ஒண்ணும் தெரியல. நீங்க நேர்ல பாத்துப் படிச்சீங்கள்ல, சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணனிடம் சொன்னார். பலகை அப்போது சென்னையில் இருந்தது, புகையை எடுத்து விரிசலை ஒட்டுவதற்காக அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் பெயராக மேடமே எழுதியது வித்யாஸ்ரீ. அண்ணனின் ஒரே மகள், ஒன்பதாவது படிப்பவள். பரீட்சை இருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்று அண்ணன் இரண்டு வாரம் தட்டிக்கழித்துப் பார்த்தார். அவள் தானாகவே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து பலகை திரும்பி வந்தது. கிளியெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. எழுத்து நேற்று எழுதிய மாதிரி தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை நிறைவு விழா. இரண்டாம் வருட நிதிக்காக அதே அதிகாரி வந்தார். அப்பா படித்துச் சொன்னதை மகள் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. வெங்கடேஷ்பாபு அலுவலக வேலையாக பெங்களூர் போயிருந்தார். மற்ற பிள்ளைகள் பின்வரிசையில் இருந்தார்கள். பலகையை மாட்டிய அண்ணன் அதன் பக்கத்திலேயே, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வித்யாஸ்ரீ பலகைக்கு அருகில் போனாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தாள்.

"இந்த வாசலுக்குள் வருகிறவர் நலமாக வாழ்க" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் மொழியிலேயே ஒரு தடவை சொல் என்று அதிகாரி கேட்டார். அதையும் தடுமாறாமல் சொன்னாள். நானும் பலமாகத் தட்டினேன்.

திங்கள்கிழமை டீக்கடையில் அண்ணன் கிளாஸைத் தொடவில்லை.

"எனக்கு அந்த எழுத்து தெரியாது மாப்ள" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. எந்த எழுத்து என்று கேட்டேன்.

"எங்க எழுத்து. ஒரு எழுத்துகூடத் தெரியாது. எங்க அப்பாவுக்கும் தெரியாது. அன்னைக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப பலகையில என்னதாண்ணே போட்டிருக்கு?"

"'கையைக் கழுவிட்டு நூலைத் தொடு.' சாயப்பட்டறையில மாட்டி வச்சிருந்த பலகையா இருக்கணும். வண்டியில போகும்போது பாப்பா சொன்னுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஹரிராம் ஐயா காற்றில் ஓட்டிய விரல் ஞாபகம் வந்தது. ஆறு மாதமாக ஒரு ஊரே கை கழுவச் சொன்ன பலகையைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறது.

அடுத்து நான் சொன்னதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "யாருக்குண்ணே தெரியப்போகுது? பாப்பாவே அப்படிப் படிச்சிருச்சு. பாபு சார்கிட்ட நான் பேசிக்கிறேன். பேசாம விட்ருங்க, ரெண்டாவது வருசப் பணம் போயிரும். உங்க சம்பளமும் போயிரும்" என்றேன்.

"ஏன் பாப்பா அப்படிப் படிச்சேன்னு கேட்டேன். 'நீங்க அங்க நின்னுட்டு இருந்தீங்கள்லப்பா' அப்படின்னுச்சு. எங்க குடும்பத்துல அந்த எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச மொத ஆளு அது. மொதமொதல்ல நாலு பேரு முன்னாடி படிச்சது எனக்காகச் சொன்ன பொய்யி. அம்புட்டு சம்பளம் வாங்கி நான் என்ன செய்யப் போறேன்?"

அவர் எழுந்து நேராக மேடம் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். இந்தத் தடவை நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "இன்னொருத்தர்கிட்ட நான் கேட்டிருக்கணும். திங்கக்கிழமை குழு வருதுன்னு அவசரப்பட்டேன். எனக்கும் அந்த வரி பிடிச்சுப்போச்சு" என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து சென்னைக்குக் கடிதம் அடித்தார். தவறு தன் பொறுப்பில் நடந்தது என்று எழுதினார்.

"என் பேரப் போடுங்க மேடம்" என்றார் அண்ணன்.

"உங்க பேரு சம்பளப் பட்டியல்ல இருக்கு. இப்போதைக்கு அங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம். சென்னையிலிருந்து இதுவரை பதில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளையும் பெற்றோரையும் அண்ணன் மேடத்திடம் சொல்லி வரவழைத்தார். ஹரிராம் ஐயாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நானும் மேடமும் இருந்ததால் அண்ணன் தமிழிலேயே பேசினார். அவர் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. நன்றாக நிமிர்ந்து நின்றார்.

"எனக்கு நம்ம எழுத்து படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். பேனர்ல இருக்கிறது நானாச் சொன்னது. பலகையில இருக்கிறத இப்ப வித்யா படிக்கும்."

வித்யாஸ்ரீ பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, முதலில் தன் மொழியிலும் பிறகு தமிழிலும் படித்தாள். கையைக் கழுவிவிட்டு நூலைத் தொடு. பெற்றோர் வரிசையில் பல தலைகள் குனிந்தன. பேனருக்கு முன்னால் நின்று படித்தவர்கள் யார் யார் என்று அந்தத் தலைகளை வைத்தே நான் எண்ணிவிடலாம்.

ஹரிராம் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப போன வாரம் உன் பொண்ணு எதப் பாத்துப்பா படிச்சுச்சு?" என்று கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "நான் எழுதிக் குடுத்தேங்கய்யா. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"இல்ல தாத்தா" என்றாள் வித்யாஸ்ரீ. "அப்பா எதுவும் எழுதித் தரல. எனக்குப் படிக்கத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன்."

தன் பொய்யைச் சொல்லும்போது நிமிர்ந்து நின்ற மனுஷன், அதைக் கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வித்யாஸ்ரீ அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள், அவர் கையை எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.