ஒட்டகப் படத்துக்குப் பின்னால் ஒரு புகைபோக்கி

போன வாரம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நானும் என் ரூம்மேட்கள் ஷீபாவும் ரெஜினாவும் ஷார்ஜாவில் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு நாள் லீவ் கிடைப்பதெல்லாம்... எங்கள் டூட்டி ரோஸ்டரைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எப்படியோ கிடைத்தது. ராஸ் அல் கைமா மலையில் ஒரு இரவு தங்கிவரலாம் என்று கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். உள்ளேயே படுக்கை, கேஸ் அடுப்பு, குட்டி வாஷ்பேசின். குளிருக்கு கேஸில் எரியும் ஹீட்டர்கூட உண்டு. இருபது வயதைத் தாண்டிய வண்டிதான். ஆனால் வெளியே புத்தம் புது ஸ்டிக்கர் — மணல்மேடு, சூரிய அஸ்தமனம், நடுவில் ஒரு பெரிய ஒட்டகம்.

ஓனர் எங்கள் நாகர்கோவில்காரர். நம்ம ஊர் ஆள்தானே என்று ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டோம். யார் முட்டாள்? நான்தான்.

ஜனவரி மாதம். மலைமேல் நாலு மணிக்கே காற்று காதை அறுத்தது. ஷீபா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஹீட்டரைப் பற்றவைத்தோம். முதலில் ஒரு கருகல் வாடை. பிறகு அலமாரிக்குக் கீழிருந்து மெல்லிய புகை. ரொம்ப நாளாகப் போடாத ஹீட்டர், தூசி எரிகிறது என்று ஷீபா சொன்னாள். நானும் நம்பினேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். ரெஜினா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, தலை வலிக்கி. கொமட்டிட்டும் வருது.”

தலைவலி, குமட்டல் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன குளிர்காலத்தில் ஒரு லேபர் கேம்ப்பிலிருந்து இரண்டு பேரை எங்கள் எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தார்கள். அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள். ஒருவர்தான் கண் விழித்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. எங்களுக்குப் புகையும் சேர்ந்து வந்ததே பெரிய அதிர்ஷ்டம்!

ஹீட்டரை அணைத்துவிட்டு ரெஜினாவை வெளியே இழுத்தேன். காற்றில் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வேனுக்குள் பார்த்தேன். கூரையில் ஒரு வெள்ளை டப்பா. இந்த வாயுவுக்கான அலாரம்தான். பிறகு ஏன் கத்தவில்லை? ஷீபா ஏறிக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பேட்டரி இல்லை.

ஓனருக்கு போன் போட்டேன். பதற்றமே இல்லை மனிதருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் சரியாகிவிடும் என்றார். அலாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அது சும்மா சும்மா கத்திட்டே கெடந்துது சிஸ்டர். கஸ்டமருக்குத் தூக்கம் கெடுதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துது. அதான் பேட்டரிய எடுத்தேன்.”

சும்மாவா கத்தியிருக்கும்?

எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு அன்று மாலையே மலையிறங்கினோம். மறுநாள் காலை வண்டி தொழிற்பேட்டையில் யோகன் அண்ணனின் கராஜில் நின்றது. யோகன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த மாதிரி வண்டிகளின் கேஸ் வேலை தெரிந்தவர். அவர் மனைவி எங்கள் வார்டில்தான் வேலை பார்க்கிறார்.

அவர் முதலில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வரவில்லை, கேஸ் கசியவில்லை. வேனின் கதவுகளை அகலத் திறந்துவைத்துவிட்டு ஹீட்டரைப் பற்றவைத்தார். நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடியது. காற்றோட்டம் இல்லை என்று அர்த்தமாம். அணைத்துவிட்டுப் புகைக் குழாயைத் தேடிக்கொண்டு போனார். அலமாரிக்குக் கீழே இணைப்பு விட்டிருந்தது, சுற்றிலும் கரி. அங்கிருந்து குழாய் வெளிச்சுவருக்குப் போகிறது. வெளியே வந்து பார்த்தால் ஓட்டையே இல்லை. ஒட்டகம்தான் நிற்கிறது. அதன் வயிற்றில் தட்டிப் பார்த்தார். பிறகு கத்தியால் ஸ்டிக்கரைக் கிழித்தார். அடியில் ஒரு தகரத் துண்டு, சுற்றிலும் சிலிகான்.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி. புகை போற வழிய அடைச்சுப்போட்டாங்கள். பிறகு அது உங்கட பக்கம்தானே வரும்.”

படம் அழகாக ஒட்டுவதற்காகப் புகைபோக்கியை அடைத்திருக்கிறார்கள்!

வண்டி கராஜில் நிற்பதாகச் சொல்லியிருந்தேன்; பதினோரு மணிக்கு ஓனர் வந்தார். பின்னாலேயே இன்னொரு காரில் அடுத்த புக்கிங் — கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நேரத்தை மிச்சம் பிடிக்க அவர்களை நேரே கராஜுக்கே வரச்சொல்லியிருக்கிறார். யோகன் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, இணைப்பில் டேப் சுற்றிக் கொடுங்கள், இரண்டு நாளைக்குத் தாங்கினால் போதும் என்றார். தன் கையால் அதைச் செய்யமாட்டேன் என்றார் அண்ணன். உடனே ஓனர் என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலியே சிஸ்டர். பின்ன எதுக்கு இவ்வளவு பெருசாக்குதீங்க?”

இந்த ஒரு கேள்வியைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் கேட்பதற்கு நான் எங்கே இருந்திருப்பேன்?

“அப்ப ஒண்ணு செய்யுங்க. ஜன்னல எல்லாம் சாத்திட்டு, ஹீட்டரப் போட்டு, அரை மணி நேரம் நீங்க உள்ள இருங்க. நான் பேசாம சாவியத் தந்துட்டுப் போயிருதேன்.”

அவர் வேனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். உள்ளே மட்டும் போகவில்லை.

அதற்குள் அந்தக் குழந்தைகளின் அம்மா பக்கத்தில் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சம் வைக்கவில்லை. தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகவும் மருத்துவமனைக்கே புகார் எழுதப்போவதாகவும் ஓனர் கத்தினார். என் முழுப்பெயரையும் வார்டையும் அவருக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தப்பாக எழுதிவிடக்கூடாது பாருங்கள்.

ஹீட்டர் இணைப்பைத் துண்டிக்காமல் வண்டியை எடுக்கமாட்டோம் என்று அந்த அம்மா உறுதியாகச் சொன்னபிறகுதான் ஓனர் வழிக்கு வந்தார். யோகன் அண்ணன் ஹீட்டருக்குப் போகும் கேஸ் குழாயைத் துண்டித்து மூடினார். மூடிய இடத்தில் அந்த அம்மா தானே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். அலாரத்துக்குப் புது பேட்டரியும் போட்டாயிற்று. எங்கள் மூன்று கம்பளிகளையும் அவர்களிடமே கொடுத்துவிட்டோம்.

மலையில் குழந்தைகளுக்குக் குளிருமே என்று அவர் கணவர் தயங்கினார்.

குளிரட்டும் சார் என்றேன். குளிர் ஆளை எழுப்பிவிடும். அந்த வாயு எழுப்பாது.