மேட்டில் வைத்த பை

செங்கல்பட்டு நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றான். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. என் சிறப்புப் பள்ளியில் படித்த காலத்திலும் அவனுக்குக் காலை, மாலை வித்தியாசம் பிடிபட்டதில்லை. முப்பது வயது ஆள், ஆறு வயதுப் பிள்ளையின் புத்தி.

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. படகு கரையேறியதும் மணலில் கிடக்கிற வலை, மிதவை, டீசல் கேன் எதுவானாலும் அலை இழுத்துப் போகாதபடி தூக்கி மேட்டில் வைப்பான். உடையவர் வரும்வரை காவல் உட்காருவான். வந்தவர் அவன் கையில் நாலு மீன் கொடுத்துவிட்டுப் போவார். ஊருக்கே தெரிந்த வழக்கம். கரையோர விடுதியில் தங்கியிருந்த வெளியூர்க்காரருக்கு மட்டும் அது தெரியாது. பையை மணலில் போட்டுவிட்டுக் குளிக்க இறங்கியவர், திரும்பி வந்து பார்த்தால் பை இல்லை. போலீஸ் வந்தபோது பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவன் மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். திருடியவன் எவனாவது திருட்டுப் பொருளுக்குக் காவல் இருப்பானா? யார் எடுத்தது என்று கேட்டார்கள். "நாந்தான் எடுத்தேன்" என்றான், மீனுக்குக் கையை நீட்டியபடி.

இப்படிப்பட்டவர்களை விசாரிக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அதைச் சொல்ல நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. கைநாட்டு வாங்கி, கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். "பாத்தா நல்லாத்தான கீறான்?" என்றார் ஏட்டு. நல்லாத்தான் இருப்பான். புத்தியில் இருக்கும் குறைக்குக் கட்டுப் போட்டுக் காட்டவா முடியும்?

அவனுக்கென்று இருப்பது ஒரே அக்கா, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஜாமீனுக்கு நிற்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. வழக்கை நடத்தலாம், மருத்துவச் சான்று கொடுக்கலாம், குற்றமே இல்லை என்று விடுதலை வாங்கலாம் என்று நான் மல்லுக்கு நின்றேன். அதற்கெல்லாம் வருஷக்கணக்காகும், ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாக்கி இன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்றார் வக்கீல். உள்ளே அவன் சோற்றைத் தொடுவதில்லை என்று அக்காவுக்குச் சேதி வந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேஸ ஜெயிச்சு நான் இன்னா பண்ணப் போறேன் டீச்சர்? அவன் வூட்டுக்கு வந்தாப் போதும்."

வக்கீலிடம் போய்ச் சரி என்று சொன்னேன்.

அந்த வராந்தாவிலேயே பாடம் நடந்தது. ஜட்ஜ் ஐயா கேட்டதும் நான்தான் எடுத்தேன் என்று சொல், வீட்டுக்குப் போய்விடலாம் என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். தன் பெயரை எழுத்துக்கூட்ட வருஷக்கணக்கில் திணறிய பிள்ளை, இதை ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டான். உள்ளே போய்க் கணீரென்று சொன்னான். எதற்கு எடுத்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அக்கா அவனை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

இப்போது அந்தக் கரையில் எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். போன வாரம் யாருடையதோ பைக் காணோமாம். இவனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள்; நான் ஓடினேன். ஸ்டேஷனுக்குள் அவன் ஒவ்வொரு போலீஸ்காரர் முன்பாகவும் போய் நின்று, யாரும் கேட்காமலே, "நாந்தான் எடுத்தேன், வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.