ஸ்டேஷன் ரீல்

வருஷா வருஷம் ஆடியில் மாயவரம் லாட்ஜ் ஒன்றில் படச்சந்தை கூடும். பெரிய நடிகர் இல்லாமல் சொந்தக் காசில் படமெடுத்தவர்கள் பெட்டியோடு வருவார்கள். ரெண்டு ரீல்தான் போட்டுக் காட்டுவார்கள். காரைக்காலில் சினிமாக் கொட்டகை வைத்திருந்த என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிப்போவார். நான் அழுதால் படத்தை வாங்கிவிடுவார். இப்படியும் ஒரு வியாபாரி!

ஒரு வருஷம், தம்பியை ரயிலேற்றிவிட்டு அக்கா ஸ்டேஷனில் நிற்கும் காட்சிக்கு விக்கி விக்கி அழுதேன். வாங்கினார். கொட்டகை ஈயாடியது, மூன்றாம் நாளே தூக்கியாச்சு. நான் அழுதது படத்துக்காக இல்லை, அதற்கு முந்தின வாரம் பிரான்ஸ் பட்டாளத்துக்குப் போன என் தம்பிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

பெட்டியைத் திருப்பி அனுப்பும் அன்று, காலிக் கொட்டகையில் என்னை உட்காரவைத்து அந்த ரீலை மட்டும் ஓட்டச் சொன்னார்.

"தெரிஞ்சுதான் வாங்கினேன்" என்றார்.