தியேட்டர் வாசலில் நின்ற ட்ரொலி

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போர்ட்டராகச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆங்கிலமும் குறைவு, பேச்சும் குறைவு. நோயாளிகளை ட்ரொலியில் வைத்துத் தள்ள இரண்டும் தேவைப்படவில்லை.

1. ஹார்ட்டன் கேட்ட கேள்வி

மிஸ்டர் ஹார்ட்டன் சிறுநீரகத்தில் சத்திரசிகிச்சை செய்கிற சேர்ஜன். இங்கே சேர்ஜன்மாரை டொக்டர் என்று கூப்பிடுவதில்லை, மிஸ்டர்தான். அப்போதெல்லாம் சிறுநீரகக் கல்லை எடுக்க விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுவார்கள். நோயாளி இரண்டு கிழமை வார்ட்டில் கிடப்பார். இவரோ முதுகில் பென்சில் போகும் அளவு துளை போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்துக் குழாயை விட்டு, கல்லை உடைத்து எடுத்தார். சாவித் துவாரத்தால் வீடு கூட்டுகிறார் என்று மற்ற சேர்ஜன்மார் கன்ரீனில் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் நோயாளியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனபின் ஹார்ட்டன் என்னைத் தேடி வருவார். கட்டிலிலிருந்து ட்ரொலிக்கு நோயாளி தானாக மாறினாரா, நீங்கள் தூக்கினீர்களா என்று கேட்பார். என் பதிலைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். நோவின் அளவு தூக்குகிறவனுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். வேறெந்த சேர்ஜனும் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

2. புக்கை

சிவபாதம் அண்ணை கிழக்கு லண்டனில் மனோர் பார்க்கில் இருந்தவர், பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. ஒரு சிறுநீரகத்தை முன்பே எடுத்தாயிற்று. மிஞ்சியதில் பெரிய கல். ஹார்ட்டன் அதை எடுக்கும் விதத்தைப் பார்க்க அன்று வெளிநாட்டு சேர்ஜன்மார் ஆறு பேர் வந்திருந்தார்கள்.

வார்ட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணையின் முகம் தெளிவாக இருந்தது.

"இனிப் பயமில்லைத் தம்பி. மனிசி விடியக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து புக்கை கொண்டுவந்தவ. ஏழு மணிக்கு அதை வாயில போட்டிட்டுத்தான் வாறன்."

கோயில் பொங்கலைத்தான் புக்கை என்போம். நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். நர்ஸ் கேட்டபோது சாப்பிடவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் அதைச் சொன்னதும் என்னையே திருப்பிக் கேட்டார்: "பிரசாதம் சாப்பாடே? ஒரு சின்னக் கிண்ணம்."

குப்புறப் படுக்கவைத்துச் செய்கிற வேலை அது. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது சத்தியாக மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆள் தப்புவது கஷ்டம். ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் ட்ரொலியின் பிரேக்கை மிதித்தேன்.

அண்ணைக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்தார். "சொல்லிப்போடாதையும். இவ்வளவு பேர் வந்திருக்கினம். இண்டைக்குக் குழப்பினா அந்த மனுசன் என்னைத் திரும்பத் தொடமாட்டார்."

"சொல்லாட்டி நீங்கள் உயிரோட வெளியில வரமாட்டியள், அண்ணை."

தியேட்டர் சிஸ்டர் வந்து, எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஏன் நிற்கிறாய் என்று ட்ரொலியை இழுத்தார். நான் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. சத்தம் கேட்டு ஹார்ட்டன் வந்தார்.

"சேர், ஹீ ஈட். டுடே. ரைஸ்."

எத்தனை மணிக்கு என்று கேட்டார். "செவன்" என்றேன். முகமூடியைக் கழற்றி, விருந்தாளிகளிடம் இன்று சத்திரசிகிச்சை இல்லை என்றார். ஒருவர் தனக்குப் பின்னேரம் விமானம் என்றார். அப்படியானால் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார் ஹார்ட்டன். பிறகு என் பக்கம் திரும்பினார். நாளை மறுநாள் கட்டாயம் செய்வேன் என்று அவருக்கு உங்கள் பாஷையில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அண்ணை அழுதுவிட்டார்.

சொன்னபடியே செய்தார். கல் ஐந்து துண்டாக வந்தது. அண்ணை அந்தக் கிழமையே நடந்து வீட்டுக்குப் போனார். அந்த ஆறு பேரும் ஹார்ட்டனின் வேலையைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

இப்போது ஆஸ்பத்திரி வேலைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்கள் சாப்பிடவில்லை என்பார்கள், அவர்கள் மனதில் அது பொய்யும் இல்லை. விடிந்ததிலிருந்து வாயில் என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள். ஏதாவது ஒன்றைச் சொன்னால், உள்ளே யார் காத்திருந்தாலும் பிரேக்கை மிதியுங்கள்.