தெருவுக்கே ஒரு நம்பர்

என் மனைவி சித்ராவுக்குப் போன் போட்டால் முதல் தடவையிலேயே லைன் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. நான் திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே போர் போட்டுக்கொண்டிருப்பவன். அங்கிருந்து ஆசையாகக் கூப்பிட்டால் இவள் யாருக்கோ ஓடிபி சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் விசைத்தறிக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அது மகனிடம் இருக்கும், மகன் வெளியூரில் இருப்பான். அதனால் கேஸ், ரேஷன், பென்ஷன் என்று எதற்கு நம்பர் கேட்டாலும் சித்ராவின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். இவளும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "சின்னாயி அக்கா, சிலிண்டர் வருதுங்க!" என்று வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்துவாள்.

போன கோடையில் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் வீட்டில் ஒரு குடத்துக்கு அலைச்சல்! சித்ரா வீடு வீடாகப் போனாள். அவரவர் சொன்னதை அவரவர் பெயரிலேயே குறைதீர்க்கும் இணையதளத்தில் மனுவாக ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் தன் நம்பரைக் கொடுத்தாள்.

மோட்டார் வரவில்லை. மே தினக் கிராம சபைக்குப் போய்க் கேட்டோம். வண்டி ரிப்பேருக்கு நின்றதால் நானும் இருந்தேன். வந்திருந்த அதிகாரி லேப்டாப்பைப் பார்த்தார்.

"உங்க தெருவுல ஒருத்தர்தாம்மா கேட்டிருக்காங்க. ஒரே நம்பர்ல எத்தனை மனு வந்தாலும் ஒரு ஆளுன்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும். போலி மனு வரக்கூடாதுன்னு வச்ச விதி. மத்ததெல்லாம் தானாவே தள்ளுபடி ஆயிருக்கு."

சித்ராவின் முகம் செத்துப்போனது. "நல்லது பண்றேன்னு தெருவையே ஒத்த ஆளாக்கிப்போட்டனுங்களே," என்று என் காதோரம் சொன்னாள். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல வந்தது. விதியைத் தப்பென்று சொல்ல மாட்டேன், திருட்டுப் பயல்களுக்காகப் போட்டது. ஆனால் இப்படியும் ஒருத்தி இருப்பாள் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவில்லையே!

சின்னாயி அக்கா எழுந்தார். "ஏனுங்க சார், அந்தப் பொட்டிக்கு நாங்க ஒரு ஆளு, சரிங்க. இந்தச் சபைக்கு எத்தன ஆளுங்க?"

"இங்க வந்த எல்லாருமே தனித்தனி ஆள்தாம்மா. சட்டமே அப்படித்தான்."

"அப்ப எண்ணிக்கங்க."

ஒவ்வொருவராகத் தெருவே எழுந்து நின்றது. சித்ரா மட்டும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். சின்னாயி அக்கா அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி சாமி. நீயும் ஒரு ஆளுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். புது மோட்டார் போடத் தீர்மானம் நிறைவேறியது. சொன்னபடி மோட்டாரும் வந்தது. இனி அவரவருக்கு ஒரு நம்பர் இருக்கட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்ப வடக்கே வந்து சித்ராவைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"சின்னாயி அக்கா பட்டன் போன் வாங்கியிருக்காங்க. எதிரூட்டுல இருந்துதான் கூப்புட்டாங்க. வேற யாரு நம்பரும் தெரியாதாமுங்க." பேசும்போதே பீப் பீப் என்று சத்தம். "ஏனுங்க, மறுக்கா அவங்கதானுங்க!"

"பேசு, பேசு. நான் அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வரவில்லை.