ஜெபகுமாரி அக்காவின் வண்டிக்கு வந்த காய்ச்சல்

ஜெபகுமாரி அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். கொட்டாரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். பஸ்ஸுக்குக் காத்து நின்றும், வரப்பில் நடந்தும் உத்தியோகத்தை முடித்துவிட்டு, "இனி நான் ஒரு பஸ்ஸுக்கும் கை காட்ட மாட்டேன்" என்று சொல்லி வீட்டில் நின்ற பழைய வெள்ளை டீசல் காரில் ஏறி உட்கார்ந்தாள். கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர், ரசலையன் அத்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஒரு தென்னையும் சர்ச் கேட்டும் லேசாக அடிபட்டதைத் தவிர அந்தப் பாடத்தில் வேறு சேதமில்லை.

ஊருக்கே அவள் 'சிஸ்டர்'. எனக்குப் பெரியப்பா மகள். நான் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அந்த வெள்ளைக் காரில் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். இந்த ஜூன் மாதம் யாரும் வரவில்லை.

"வண்டிக்குக் காய்ச்சல் மக்கா, ஒரு டாக்சி புடிச்சு வந்துரு" என்றாள் போனில். அத்தானுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று ஜனவரியிலேயே தெரியும். மஸ்கட்டில் நான் அதைப் பற்றி இணையத்தில் படித்த பக்கங்களை எல்லாம் அச்சிட்டால் ஒரு பெட்டி நிறையும். ஒரு பயனும் இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் அவருக்கு மருந்து ஏற்ற வேண்டும். அக்காதான் ஓட்டிக்கொண்டு போவாள். போகிற வழியில் வண்டி கொதிக்கும். நின்று, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்புவார்கள். போன தடவை கொதித்தது ஆறவே இல்லை. டாக்சி பிடிக்க வேண்டியதாயிற்று. ஏசிக்குள் மாட்டியிருந்த சென்ட் வாசனையில் அத்தான் பாலராமபுரம் வரை வாந்தி எடுத்துக்கொண்டே போயிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லிவிட்டார்: "இனி டாக்சின்னா நான் வரல்ல. மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பெங்களூரிலிருந்து மகன் அபினேஷ் போனில் கத்தினான். "அந்தப் பழைய தகரத்தை வித்துத் தள்ளுங்கம்மா!" அக்கா விற்கவில்லை. கண்ணாடியை நாலு பக்கமும் இறக்கிவிட்டு, அத்தான் பாதி சாய்ந்து படுத்துக்கொண்டு போவதற்கு அந்த முன்சீட்டைவிட்டால் வேறு இடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வண்டி பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்த முறை நானும் கூடப் போனேன். பின்சீட்டில் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே எனக்கு இடம். விடிந்து சற்று நேரத்தில் கிளம்பினோம். சுசீந்திரத்திலும் நாகர்கோவில் நெரிசலிலும் சூடு காட்டும் முள் நடுவில் சமர்த்தாக நின்றது.

"பாத்தியா, ஊருக்குள்ள நல்ல பிள்ளை" என்றாள் அக்கா. "ரோடு காலியா கெடந்தாத்தான் கொணம் மாறும்."

பார்வதிபுரம் தாண்டி வேகம் எடுத்ததும் முள் நகர ஆரம்பித்தது. நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எலே, நீ மூச்சு விடுற சூட்டுலயே அது ஏறிரும் போல. சாஞ்சு இரி."

அத்தான் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

வில்லுக்குறியில் முள் சிவப்பைத் தொட்டது. நல்லவேளை, ஞானசிங் மெக்கானிக்கின் பட்டறை அங்கேதான். முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது பானெட் இடுக்கு வழியாக ஆவி புஸ்ஸென்று வந்தது. ஞானசிங் கையில் சாயா டம்ளருடன் வெளியே வந்து, வண்டியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சிஸ்டரே, பின்னயுமா?"

"ஒம்ம கையால சொகமானதுதான், பாரும்."

பானெட்டைத் தூக்கினார். மூடியில் கை வைக்கப் போன என்னைத் தட்டிவிட்டார். "தொறக்காதிய! மொகம் வெந்துரும். பைய ஆறட்டு."

ஆறும்வரை தான் செய்ததை எல்லாம் ஒப்புவித்தார். தெர்மோஸ்டாட் புதுசு. தண்ணீர் பம்பு புதுசு. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே இருந்த அடைப்பை எல்லாம் எடுத்தாயிற்று. ஃபேன் பெல்ட்டும் முறுக்கியாயிற்று. "தக்கலை வரை ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன், ஒரு குத்தமும் இல்ல."

"எப்பம் ஓட்டினீரு?"

"சாயங்காலம். ரோடு முழுக்க வண்டியில்லா? பைய ஊர்ந்து போச்சு."

அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"மெதுவாப் போனா இல்ல. வேகமாப் போனாத்தான் வருது. எப்பம் தொடங்கிச்சு? போன டிசம்பர்ல இவனக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குப் போனோம். ஒண்ணும் இல்ல. ஜனவரி கடைசியில மொத தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்பம் கொதிச்சு. நடுவுல புதுசா என்ன நடந்து?"

"நடுவுல என்ன…" என்று இழுத்த ஞானசிங், குனிந்து கீழே வைத்த டம்ளரை எடுத்தார். காலி டம்ளர். அதையே குடிப்பது போல வாயில் வைத்தார்.

அக்கா வண்டியின் முன்னால் போய் நின்றாள். நானும் போனேன். இவ்வளவு நேரமும் கண் முன்னால் இருந்ததுதான்.

வருஷக் கடைசி இரவு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமும் பைபிள் வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுக்கும். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு அதுதான் வாக்கு. சிலர் வாசலுக்கு மேலே எழுதி ஒட்டுவார்கள். இந்த வருஷ அட்டையை எடுத்தது அத்தான். 'நான் உனக்கு முன்னே போய்' என்று தொடங்கும் வசனம். நோய் இன்னது என்று தெரிந்த வாரத்தில், மார்த்தாண்டத்தில் கொடுத்து அந்த வசனத்தை அகலமான பலகையாகச் செய்து வாங்கி வந்து, வண்டியின் முன் கம்பிவலை மேல் தானே மாட்டினார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. காற்று உள்ளே போக ஓரத்தில் விரல் நுழையும் இடம்தான் இருந்தது.

"ஒமக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"மொதல்லயே ஒரு சந்தேகம் இருந்து, சிஸ்டரே." ஞானசிங் குரலைத் தாழ்த்தினார். "ஃபேன் இழுக்கணும்னா காத்து வரணும்லா? ஆனா வாக்குத்தத்தத்துல நான் எப்பிடி கை வைப்பேன்? வருஷம் முடியாம யாராவது களட்டுவாங்களா? அதுவும் அண்ணனுக்கு இப்பிடி இருக்கும்போ… வேற எதுவாவது இருந்துரட்டும்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன்."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவளும் ஜனவரியிலிருந்து தினமும் அந்தப் பலகையைத் துணியால் துடைத்தவள்தானே. எனக்குத்தான் பதற்றம். பத்து மணிக்குள் டோக்கன் போடாவிட்டால் மருந்து அடுத்த நாளுக்குப் போய்விடும்.

"களட்டிரலாம் அக்கா. சாயங்காலம் திரும்ப மாட்டிக்கலாம்."

"மெல்லப் பேசுல." அவள் திறந்து நின்ற பானெட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "நீ அன்னிக்கு இஞ்ச இல்ல. டாக்டரு சொன்ன நாள்ல இருந்து இந்த மனுஷன் வாயே தொறக்கல்ல. மூணாம் நாள் ஸ்பேனரோட முற்றத்துல இறங்கினாரு. இத மாட்டி முடிச்ச பொறவுதான் சோறு கேட்டாரு. இப்பம் நான் போயி, இதக் களட்டணும்னு சொன்னா… அவரு மனசுல என்ன தோணும்? வாக்கு நமக்கு இல்லன்னு தோணாதா?"

கண் நிறைந்துவிட்டது. உடனே துடைத்தாள். "பைய ஓட்டிட்டே போவோம். சூடு வந்தா நிப்போம்."

"பைய போனா மத்தியானம் ஆயிரும், சிஸ்டரே."

முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அத்தான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, மெதுவாக எங்கள் பக்கம் வந்தார். கொதித்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல எஞ்சினைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு ஞானசிங்கிடம் கையை நீட்டினார்.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனரு."

கரகரவென்று, காற்றோடு வந்த குரல்.

"அண்ணே, நீங்க இரிங்க, நான்…"

"ஒனக்கு வராது."

ஞானசிங் விடாமல் தானே குனிந்து முயன்றார். நட்டு அசையவில்லை. "என்ன அண்ணே இது, கரண்டுக் கம்பத்துக்குப் போட்டது மாதிரி போட்டு வச்சிருக்கீரு!"

"புயலுக்கும் நிக்கணும்லா." அத்தான் ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். அக்கா பலகையின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். முதல் நட்டு, இரண்டாவது நட்டு. நாலாவதற்கு முன் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"இஞ்சேருங்க," என்றாள் அக்கா, "வருஷம் முடியல்லியே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, நான் இத எஞ்சினுக்கா வச்சேன்? நீ ஒத்தையில அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வாரியேன்னு வச்சேன். ஒனக்கு முன்னால போகட்டுன்னு." மூச்சு எடுத்துக்கொண்டார். "பின்னால இருந்தாலும் அது வரும்."

கடைசி நட்டையும் கழற்றினார்.

பலகை பின்சீட்டுக்கு வந்தது. தண்ணீர்க் கேன்களை ஞானசிங் பட்டறையிலேயே இறக்கிவிட்டு, அதைப் பின் கண்ணாடியை ஒட்டி, எழுத்து முன்பக்கம் பார்க்க நிறுத்திவைத்தேன். எஞ்சின் நன்றாக ஆறியபின் ஞானசிங் தண்ணீர் நிரப்பி, வண்டியைக் கிளப்பி, ஒரு செய்தித்தாளை முன்வலைக்கு எதிரே பிடித்தார். சட்டென்று அது உள்ளே இழுபட்டு வலையோடு ஒட்டிக்கொண்டது. "இப்பம் மூச்சு வாங்குது" என்று சிரித்தார்.

தக்கலை தாண்டினோம். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது நான் முள்ளைப் பார்க்க எட்டினேன். அது நடுவில் நின்றது. இறங்கியபோதும் அங்கேயேதான் நின்றது. களியக்காவிளை வந்ததும் அக்கா வேகம் எடுத்தாள். காற்று நாலு ஜன்னல் வழியாகவும் அடித்தது.

அவள் அடிக்கடி உள்கண்ணாடியைப் பார்ப்பதை அத்தான் கவனித்துவிட்டார்.

"என்ன பாக்கிய?"

"எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியுது. வாசிக்க முடியல்ல."

"ஒனக்குத்தான் மனப்பாடம்லா. ரோட்டப் பாரு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாலராமபுரம் தாண்டும்போது நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். பள்ளம் வந்த இடங்களில் அக்கா வண்டியை ஊர விட்டாள். அவர் தலை ஆடாமல் இருக்க ஒரு கையை அவர் நெற்றியருகே பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வரிசை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"நீ போயி வரிசையில நில்லு மக்கா," என்றாள் எஞ்சினை நிறுத்தாமல். "இவரு கொஞ்ச நேரம் உறங்கட்டு."