திரைக்குப் பின்னால் ஓர் அரையிறுதி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படித்தான் என் மூத்த சகோதரி ராத்தாவைக் கட்டிய மச்சான் சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. நானும் ராத்தாவும் படுத்த அறை அவருக்குப் போய்விட்டது. மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த என் கதிரையும் போய்விட்டது. தொலைக்காட்சி இருந்த முன்னறையே முழுதாக அவருடையதாகிவிட்டது.

அவர் முன்னறையில் இருந்தால் வாப்பா கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவார். உம்மாவோ அவர் கண்ணிலேயே படமாட்டார். மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பது அப்போது மரியாதையில்லை. ஒரு பிள்ளை பிறந்து தவழத் தொடங்கினால் கொஞ்சம் தளரும் என்பார்கள்.

முன்னறைக்கும் சமைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. முன்பு அது பழைய சாரியில் கிழித்த துணி. அருகில் போனால் மறுபக்கம் தெரியும். புது மாப்பிள்ளை வரும் வீட்டில் இப்படியொரு கந்தல் தொங்கலாமா என்று உம்மாவே மருதமுனைக்குப் போய்க் கைத்தறித் துணி வாங்கி வந்து மாட்டினார். நல்ல தடித்த துணி. விளக்கு வெளிச்சம்கூட அதற்குள்ளால் வராது.

"மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு இறைச்சி வைக்கவாண்டு கேளு புள்ள" என்று உம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொல்வார். மச்சானுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய்க் கேட்ட பிறகுதான், "போதுமெண்டு மாமிக்கிட்டச் சொல்லு" என்பார். அது உம்மாவுக்கும் கேட்கும். அதையும் நான் போய்ச் சொல்ல வேண்டும். காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக அலைந்தேன்.

அந்த மாரியில்தான் தெற்காசிய நாடுகளின் உதைபந்தாட்டப் போட்டி வந்தது. இலங்கை அணி அரையிறுதிக்கு வந்ததே பெரிய காரியம். எதிரே மாலைதீவு. ஊருக்கு அது ஒரு போட்டி, எங்கள் வீட்டுக்கு அப்படியல்ல. இலங்கையின் கோல்காப்பாளர் எங்கள் காக்கா, எனக்கு அண்ணன் முறை. அவரைப் பெற்ற தாய், உம்மாவின் மூத்த சகோதரி, மௌத்தானபோது அவர் கைக்குழந்தை. உம்மாதான் எடுத்து வளர்த்தார். அவர் ஊர்க் கழகத்துக்கு விளையாடிய காலமெல்லாம் சேறு பிடித்த ஜேர்சிகளை ஊறப்போட்டு அடித்துத் துவைத்ததும் உம்மாதான். ஆனால் அவர் ஒரு பந்தைத் தடுத்ததை உம்மா ஒருநாளும் கண்டதில்லை. மைதானத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போகும் வழக்கமில்லை. பயிற்சி முகாமிலிருந்து காக்காவுக்கு லீவு கிடைக்காததால் ராத்தாவின் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. மச்சானுக்கு அவரைத் தெரியாது.

"இந்த முற டீவியில காட்டுவான். என்ட புள்ள விளையாடுறத நான் பாப்பன்" என்று உம்மா காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போட்டியன்று மாலை மஃரிப் தொழுகை முடிந்து வந்த வாப்பா, "மாப்பிள்ளைக்கு டீவியில மெச்சப் போட்டுக் குடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மாமனார் சொன்னதைத் தட்டக் கூடாதென்று மச்சானும் மரியாதையாக வந்து கதிரையில் இருந்தார். மரியாதைக்கு மேல் மரியாதை. உம்மா குசினியில் நின்றார்.

பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்றேன். மாப்பிள்ளை வீட்டில் இருக்க மாமி அடுப்பை விட்டுவிட்டுப் பந்து பார்க்கப் போன கதை சம்மாந்துறை வரைக்கும் போகும் என்று உம்மா என் வாயை அடைத்தார். மச்சானிடம் சொல்லேன் என்று ராத்தாவிடம் கெஞ்சினேன். "மாப்பிள்ளய எழும்பச் சொல்றதா? உனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் என்னை அடிக்காத குறை.

ஆகவே என் வாய்தான் அன்று உம்மாவுக்குத் தொலைக்காட்சி. முன்னறையில் பார்ப்பதும் திரையடிக்கு ஓடிவந்து சொல்வதுமாக இருந்தேன். "அடிச்சான், பட்டு வெளிய போய்த்து" என்பேன். "ஆரு அடிச்ச? எதில பட்ட?" என்று உம்மா கேட்பார். அதற்குள் அங்கே வேறொன்று நடந்துவிடும். மச்சானோ கதிரையில் நிமிர்ந்திருந்து, கொட்டாவியை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆட்டம் போன பிறகு, "இதில நம்மட ஆக்கள் எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் பெனால்டிக்குப் போனது. காக்காவின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். உம்மா ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "காக்காட முகம் எப்பிடி இரிக்கி? மெலிஞ்சி போனானா?" என்றுதான் கேட்டார்.

மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"ஆரு புள்ள காக்கா?"

"அந்தா நிக்கிற கோல் கீப்பர். எங்கட காக்கா. உம்மா வளத்த."

"மாமி இவர்ர மெச் பாத்திரிக்காவா?"

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

மச்சான் திரையைப் பார்த்தார். துணி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதன் கீழே உம்மாவின் பாதங்கள் தெரிந்தன. பெருவிரல்களை ஊன்றி எம்பி நின்றார். பார்க்க ஒன்றுமில்லாத துணிக்கு முன்னால் ஏன்தான் எம்பினாரோ.

மச்சான் எழும்பினார். கனத்த பழைய தொலைக்காட்சியை இரண்டு கையாலும் பிடித்து, மேசை கிறீச்சிட, அன்டெனா வயர் இழுபட, முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பி வைத்தார். "உள்ள வெக்கையா இரிக்கி" என்று யாருக்கோ சொன்னார். கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்க் கதவையும் சாத்திவிட்டார்.

வெளியே வாடைக்காற்றோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறியை விட்டுவிட்டுச் சாரலில் போய்க் குந்துகிற வெக்கையை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மழை விட்டதும் சம்மாந்துறைக்கே போய்விடுவார், என் அறை எனக்குக் கிடைக்கும் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது.

உம்மா திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். கையில் கறிக்கரண்டி அப்படியே இருந்தது. காக்கா இடப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டார். "யா அல்லாஹ்!" என்ற உம்மாவின் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பந்தை வெளியே அடித்துத் தொலைத்தார்கள். தோற்றுப்போனோம். காக்கா புல்லில் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். உம்மா கிட்டப் போய்த் தொலைக்காட்சிக் கண்ணாடியில் அவர் தலை தெரிந்த இடத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

கதவைத் திறந்துகொண்டு மச்சான் வந்தார். சட்டையின் ஒரு பக்கம் தோளிலிருந்து ஒட்ட நனைந்திருந்தது. குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளைக்குத் தல தொடைக்கத் துவாய் குடு புள்ள. நாம தோத்துப் போனமெண்டு சொல்லு." கறிக்கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்டது. "நான் பாத்தனெண்டும் சொல்லு."

இரண்டையும் ஒரே மூச்சில் போய்ச் சொன்னேன். மச்சான் துவாயை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தார். வாய் நிறைந்த சிரிப்பு. நாடே தோற்றிருக்கிறது, மனிதர் சிரிக்கிறார். சம்மாந்துறைக்காரருக்குப் பந்தாட்டம் சுத்தமாக விளங்காது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.